ஸ்பிரிங்கை மாற்றும் முன் காற்று எங்கே கசிகிறது என்று பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது: டாலஸில் குடியிருக்கிறீர்கள். 11 வயது மகனிடம் நெர்ஃப் ரிடாலியேட்டர், அதாவது ஃபோம் அம்புகளை (டார்ட்) சுடும் பொம்மைத் துப்பாக்கி, ஒன்று இருக்கிறது. பெட்டியில் 75 அடி என்று போட்டிருந்தும், கொல்லைப்புறத்தில் டார்ட் 30 அடியைத் தாண்டுவதற்குள் தரையைத் தொட்டுவிடுகிறது. அதனால் இணையத்தில் '7 கிலோ' என்று விற்கும் ஸ்பிரிங் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறீர்கள். அதை மாட்டினால் தூரம் இரட்டிப்பாகுமா, பிளாஸ்டிக் தாங்குமா என்பது கேள்வி. கூடவே, அண்ணன் மகனிடம் இருக்கும் ஸ்ட்ரைஃப் என்ற பேட்டரி நெர்ஃப் துப்பாக்கியில் லித்தியம் பேட்டரி போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் நேரடியான பதில்களைச் சொல்லிவிடுகிறேன். இரட்டிப்பாகாது. பிளாஸ்டிக் சில நாள் தாங்கும், பிறகு தாங்காது. லித்தியம் பேட்டரி போடலாம், ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் வகையில் அல்ல. ஏன் என்பதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பணத்தையும் பொம்மையையும் இழந்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள்: சக்தி என்றால் ஸ்பிரிங் என்று நினைத்துவிடுகிறார்கள்.

நான் இயந்திரப் பொறியாளன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறிய பம்புகளும் வால்வுகளும் வடிவமைப்பதுதான் தொழில். 2013இலிருந்து இந்தப் பொம்மைத் துப்பாக்கிகளைப் பிரித்து, மாற்றி, மீண்டும் பூட்டி வருகிறேன். முதலில் என் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, பிறகு வார இறுதியில் பெரியவர்கள் கூடி ஆடும் ஆட்டங்களுக்காகத் தொடர்ந்தது. கீழே காற்று, ஸ்பிரிங், வேகம் பற்றிச் சொல்பவை என் துறைக்குள் வருபவை. கண் காயங்களைப் பற்றிச் சொல்வது மருத்துவர்கள் எழுதியதை வாசித்து அறிந்தது. அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

ரிடாலியேட்டரின் உள்ளே இருப்பது அடிப்படையில் ஒரு சைக்கிள் பம்பு. மேல்பகுதியைப் பின்னுக்கு இழுக்கும்போது பிஸ்டன் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்வாங்கி ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. முன்னுக்குத் தள்ளும்போது டார்ட் குழலுக்குள் ஏறுகிறது. விசையை அழுத்தினால் கொக்கி விடுபட்டு, பிஸ்டன் பாய்ந்து, உருளைக்குள் இருக்கும் காற்றை டார்ட்டின் பின்னால் தள்ளுகிறது. ஸ்பிரிங் டார்ட்டைத் தொடுவதே இல்லை, தள்ளுவது காற்றுதான். சைக்கிள் பம்பின் தோல் வாஷர் காய்ந்துபோனால் என்ன ஆகும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். எவ்வளவு பலமாக அடித்தாலும் டயருக்குள் காற்று ஏறாது, வாஷரைச் சுற்றிப் பின்பக்கமாகவே போய்விடும். அதற்கு யாரும் பலசாலியைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்வதில்லை. வாஷரைக் கழற்றி எண்ணெயில் ஊறவைப்பார்கள். உங்கள் மகனின் துப்பாக்கிக்கும் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

அதற்கு முன் தூரக் கணக்கு. இதைப் பார்த்துவிட்டால் அந்த 75 அடி ஏன் கிடைப்பதில்லை என்பது விளங்கிவிடும். இந்தத் துப்பாக்கிக்குரிய எலைட் வகை டார்ட் ஏறக்குறைய 1 கிராம் எடை, 12.7 மில்லிமீட்டர் விட்டம், 72 மில்லிமீட்டர் நீளம். மாற்றம் செய்யாத துப்பாக்கியிலிருந்து அது வினாடிக்குச் சுமார் 70 அடி, அதாவது 21 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. தோள் உயரத்தில், 1.4 மீட்டரில், கிடைமட்டமாகப் பிடித்துச் சுட்டால் அது தரையைத் தொட அரை வினாடிக்குச் சற்று மேல் ஆகும். காற்றின் எதிர்ப்பே இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் 11 மீட்டர்தான் போக முடியும். உண்மையில் ஃபோம் மிக இலேசானது என்பதால் காற்று அதைக் கடுமையாகப் பிடித்து நிறுத்துகிறது. நான் கணக்கிட்டுப் பார்த்தபோதும் அளந்து பார்த்தபோதும் 9 மீட்டர் அளவில் வந்தது. அதுதான் நீங்கள் பார்த்த 30 அடி. உங்கள் துப்பாக்கி பழுதாகியிருக்கவில்லை. பெட்டியில் உள்ள எண்ணை நெருங்க வேண்டுமானால் குழலை நன்றாக மேல்நோக்கிச் சாய்த்துச் சுட வேண்டும்.

இப்போது வேகத்தை இரட்டிப்பாக்கி 42 மீட்டர் ஆக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே கணக்கில் டார்ட் 15 மீட்டர் போகும். 18 கூட இல்லை. ஆனால் அதன் இயக்க ஆற்றல் 0.22 ஜூலிலிருந்து 0.88 ஜூலாக, நான்கு மடங்காக உயர்ந்திருக்கும். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட விரைவாகக் கூடுகிறது என்பதால், நீங்கள் சேர்க்கும் ஆற்றலில் பெரும்பகுதி வழியிலேயே செலவாகிவிடுகிறது. அதாவது, தொலைவில் நிற்பவனுக்கு வித்தியாசம் கொஞ்சம்தான், மூன்று மீட்டரில் நிற்கும் பிள்ளைக்கு வித்தியாசம் மிக அதிகம். இந்த எண்களில் இழுவைக் குணகம் (காற்று டார்ட்டை எவ்வளவு பிடித்திழுக்கும் என்பதன் அளவு) டார்ட்டின் முனை வடிவத்தைப் பொறுத்து மாறும், ஆகவே மீட்டர் கணக்கு ஒன்றிரண்டு முன்பின் ஆகலாம். ஆற்றல் நான்கு மடங்காவது மட்டும் மாறாது.

சரி, பிரிக்கலாம். ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருகுகளைக் கழற்றிய வரிசையில் ஒரு தட்டில் வையுங்கள். சின்ன ஸ்பிரிங் ஒன்று எங்கிருந்தாவது தெறிக்கும், அது எங்கே இருந்தது என்று படம்தான் சொல்லும். பிஸ்டனையும் உருளையையும் வெளியே எடுத்ததும், உருளையின் முன் துளையை விரலால் இறுக அடைத்துக்கொண்டு பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். நன்றாக அடைத்திருந்தால் காற்று மெத்தைபோல் எதிர்த்துத் தள்ளும், கையை எடுத்தால் பிஸ்டன் சற்றுப் பின்னால் வரும். புஸ்ஸென்று தடையில்லாமல் உள்ளே போனால் கசிவு இருக்கிறது. பிஸ்டன் தலையில் உள்ள ஓ-ரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தை, கழற்றி, அது அமரும் பள்ளத்தில் குழாய்க்காரர்கள் பயன்படுத்தும் டெஃப்லான் டேப்பை ஓரிரு சுற்றுச் சுற்றி, ஓ-ரிங்கை மறுபடி மாட்டினால் அது சற்று வெளியே தள்ளி உருளைச் சுவரை ஒட்டும். அதிகம் சுற்றிவிடாதீர்கள். உருளையை நிமிர்த்திப் பிடித்தால் பிஸ்டன் தன் எடையில் மெல்ல வழுக்கி இறங்க வேண்டும். சிக்கிக்கொண்டால் உராய்வே உங்கள் ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். மசகுக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும் போடுங்கள். சமையல் எண்ணெயோ, வாசலினோ, துரு நீக்கும் ஸ்பிரேயோ வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய்கள் சிலவகை ரப்பரை உப்ப வைக்கும், சிலவகை பிளாஸ்டிக்கில் நுண்விரிசல் உண்டாக்கும்.

அடுத்தது காற்றுத் தடுப்பு வால்வு. குழலில் டார்ட் இல்லாதபோது காற்று வெளியேறாமல் பிடித்துவைத்து, பிஸ்டன் முன்சுவரில் போய் மோதாமல் தணிப்பது இதன் வேலை. டார்ட் உள்ளே வந்ததும் அதன் பின்முனை வால்வைத் தள்ளித் திறக்கிறது. ஆனால் திறந்த நிலையிலும் அது காற்றின் பாதையில் ஒரு முட்டுக்கட்டைதான். அதை எடுத்துவிட்டால் செலவே இல்லாமல் கணிசமான வேகம் கூடும். இந்த ஒரு மாற்றத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். விலை என்னவென்றால், அதன் பிறகு டார்ட் இல்லாமல் வெறுமனே சுடக் கூடாது. பிஸ்டன் முழு வேகத்தில் முன்சுவரில் அறையும். 11 வயதுப் பையன் நாளொன்றுக்கு எத்தனை முறை வெறுமனே இழுத்துச் சுடுவான் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒன்று சொல்கிறேன்: வால்வை எடுப்பது, பெரிய ஸ்பிரிங் போடுவது ஆகிய இரண்டில், உள்பாகங்கள் பழையவையாகவே இருக்கும் துப்பாக்கியில் ஏதாவது ஒன்றைத்தான் செய்ய வேண்டும். டார்ட்டின் குழிவுக்குள் நுழையும் நடுக்குச்சி உங்கள் மாதிரியில் இருந்தால் அதை மட்டும் வெட்டாதீர்கள். பென்சிலையோ கல்லையோ உள்ளே வைத்துச் சுடாதபடி தடுப்பது அதுதான்.

இனி நீங்கள் வாங்கிய ஸ்பிரிங்குக்கு வருகிறேன். '7 கிலோ' என்பது ஏதோ ஓர் அளவு அமுக்கும்போது அது தரும் தள்ளுவிசை. எவ்வளவு அமுக்கும்போது என்பதை விற்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. ஒருவரிடம் வாங்கிய 7 கிலோ, இன்னொருவரிடம் வாங்கிய 5 கிலோவைவிட மெதுவாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. நிச்சயமாகச் சொல்லக்கூடியது இதுதான்: ஸ்பிரிங்கின் தள்ளுவிசை முழுவதையும் சுடும் வரை பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சிறிய கொக்கி. அந்தக் கொக்கியின் பின்னால் உள்ள குட்டி ஸ்பிரிங்கும், பிஸ்டன் தண்டில் கொக்கி மாட்டும் பிளாஸ்டிக் விளிம்பும் தொழிற்சாலை ஸ்பிரிங்குக்காகவே அளவெடுக்கப்பட்டவை. பெரிய ஸ்பிரிங் போட்டால் முதலில் கொக்கி வழுக்கும், பிறகு விளிம்பு உருண்டு தேயும், பிறகு ஒருநாள் தண்டு முறியும். இதனால்தான் பெரிய ஸ்பிரிங்கைத் தனியாக மட்டும் விற்காமல் உலோகக் கொக்கி, வலுவான தண்டு, புதிய உருளை எல்லாம் சேர்த்த தொகுப்பாகவும் விற்கிறார்கள். அந்தத் தொகுப்பின் விலையைச் சேர்த்தால் புதிய துப்பாக்கியின் விலையை நெருங்கிவிடும். இன்னொன்றும் இருக்கிறது: அதை ஒவ்வொரு முறையும் உங்கள் மகன்தான் இழுக்க வேண்டும். பத்துச் சுடலுக்குப் பிறகு கை தளர்ந்து, பாதி இழுத்து, சிக்கவைத்து, குழலை முகத்தின் பக்கம் திருப்பி உள்ளே எட்டிப் பார்க்கும் பிள்ளைகளை நான் பலமுறை தடுத்திருக்கிறேன்.

என் சொந்த அனுபவம் ஒன்று. தொடங்கிய இரண்டாம் ஆண்டில், வேறொரு துப்பாக்கியில், பழைய கொக்கியை மாற்றாமல் கடையில் கிடைத்த மிகத் தடித்த ஸ்பிரிங்கை மாட்டினேன். முதல் இருபது சுடல் அருமையாக இருந்தது. அடுத்ததில், நான் இழுத்து நிறுத்தியவுடன், விசையைத் தொடாமலேயே கொக்கி விட்டுவிட்டது. மேல்பகுதி என் கட்டைவிரலை அடித்து நகத்தைப் பெயர்த்தது. டார்ட் என் மகள் நின்றிருந்த பக்கம் போய்ச் சுவரில் பட்டது. அவள் கண்ணாடி அணிந்திருந்தாள், டார்ட்டும் அவள்மேல் படவில்லை. ஆனால் அன்று முதல், இழுத்து நிறுத்திய துப்பாக்கியை விசையைத் தொடாமல் தரையில் மெதுவாகத் தட்டிப் பார்க்கும் சோதனையை நான் விட்டதில்லை. பத்து முறை தட்டியும் கொக்கி விடாமல் இருந்தால்தான் அது வீட்டுக்குள் வரும்.

குழலைப் பற்றிச் சுருக்கமாக. ரிடாலியேட்டருடன் வரும் நீள்குழல் வெறும் அலங்காரம். அதன் உள்விட்டம் டார்ட்டைவிடப் பெரியது, காற்றைப் பிடிப்பதில்லை, டார்ட் உரசினால் வேகம் குறையும். கழற்றிவிடுங்கள். டார்ட்டை மெதுவாகத் தழுவும் 13 மில்லிமீட்டர் அலுமினியக் குழல் போட்டால் பயன் உண்டு. ஆனால் நீளம் கூடினால் நல்லது என்று எண்ண வேண்டாம். உருளையிலுள்ள காற்று தீர்ந்த பிறகும் டார்ட் குழலுக்குள்ளேயே இருந்தால் உராய்வு அதைப் பின்னுக்கு இழுக்கும். உருளையின் கொள்ளளவு குழலின் கொள்ளளவைப்போல் மூன்று நான்கு மடங்கு இருக்கட்டும் என்பது இதில் பழகியவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. எனக்கும் அது பெரும்பாலும் ஒத்துவந்திருக்கிறது.

டார்ட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் உங்கள் மகன் உண்மையில் விரும்புவது குறி தவறாமல் படுவதைத்தான் என்று நினைக்கிறேன். சாதாரண எலைட் டார்ட்டை வேகமாகச் சுட்டால் அது வாலை ஆட்டிக்கொண்டு வளைந்து போகும். முனை இலேசாகவும் உடல் நீளமாகவும் இருப்பதுதான் காரணம். ஸ்பிரிங்குக்குச் செலவழித்த பணத்தில், வட்டமான மென்ரப்பர் முனை கொண்ட நல்ல டார்ட்டுகள் நூறு வாங்கியிருந்தால் அவன் அதிகம் மகிழ்ந்திருப்பான். 36 மில்லிமீட்டர் அளவிலான அரைநீள டார்ட்டுகள் இன்னும் நேராகப் பறக்கும், ஆனால் அதற்கு டார்ட்டுகளை அடுக்கும் அடைப்புக்கூட்டையும் குழலையும் மாற்ற வேண்டும். விரலால் அழுத்தினால் நசுங்காத கெட்டி முனை டார்ட்டுகளை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். நசுங்கி, பிதுங்கி, மழையில் நனைந்த டார்ட்டுகளைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

ஸ்ட்ரைஃப் வேறு இனம். அதில் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் கிடையாது. எதிரெதிராகச் சுழலும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் டார்ட் நுழைந்து பிதுங்கி வெளியேறுகிறது. நான்கு ஏஏ பேட்டரிகள், 6 வோல்ட். பலரும் செய்யும் தவறு, ஏஏ அளவிலேயே கிடைக்கும் 14500 லித்தியம் பேட்டரிகளை நான்கிடத்திலும் போடுவது. அவை ஒவ்வொன்றும் 3.7 வோல்ட், நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 15 வோல்ட். மோட்டார் சில நாளில் கருகும். அதைவிட ஆபத்து, அந்த விலைமலிந்த பேட்டரிகள் பலவும் மோட்டார்கள் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்குபவை அல்ல. பேட்டரி சூடேறி வீங்கித் தீப்பிடிக்கக்கூடும். முறையாகச் செய்வதென்றால் இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, தடித்த கம்பி, மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச், அதற்குரிய சார்ஜர் எல்லாம் வேண்டும். சார்ஜ் ஆகும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், செல் ஒன்றுக்கு 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக் கூடாது. இவ்வளவு செய்தாலும் சக்கரம் ஒரு வேகத்தைத் தாண்டிய பிறகு டார்ட்டைப் பற்றாமல் வழுக்கத் தொடங்கும். அதற்கு மேல் எவ்வளவு வோல்ட் கொடுத்தாலும் சத்தம்தான் கூடும். சாலிடரிங் பழக்கம் இல்லாவிட்டால் நல்ல ரீசார்ஜ் ஏஏ பேட்டரிகளைப் போட்டுக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1969இல் பார்க்கர் பிரதர்ஸ் நெர்ஃப் என்ற பெயரில் முதலில் விற்றது ஒரு ஃபோம் பந்து, வீட்டுக்குள் வீசினாலும் விளக்கோ சன்னலோ உடையாது என்று சொல்லித்தான் விற்றார்கள். பந்து சுடும் துப்பாக்கி 1989இலும், டார்ட் சுடுவது 1992இலும் வந்தன. மென்மைதான் இந்தப் பொருளின் ஆதாரம். ஆனால் கண்ணுக்கு அந்த மென்மை போதாது. 2017இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள், இத்தகைய டார்ட் பட்டு வந்த மூவரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். இருவர் பெரியவர்கள், ஒருவன் 11 வயதுச் சிறுவன். மூவருக்கும் கண்ணின் முன்பகுதியில் ரத்தம் கசிந்திருந்தது, சிறுவனுக்கு விழித்திரையும் வீங்கியிருந்தது. பாதுகாப்புக் கண்ணாடியின் தேவையைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். உங்கள் மகனின் வயதும் அதுவே. சட்டகத்தில் இசட்87 (Z87, பாதுகாப்புக் கண்ணாடிக்கான அமெரிக்கத் தர அடையாளம்) என்று பொறித்த, பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி வன்பொருள் கடைகளில் சில டாலருக்குக் கிடைக்கும். ஆடும் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, எல்லைக்குள் நிற்கும் எல்லோருக்கும் ஒன்று வாங்குங்கள். வேடிக்கை பார்க்கும் தம்பி தங்கைதான் எப்போதும் கண்ணாடி இல்லாமல் நிற்பவர்.

இன்னொன்று: பொம்மைக்குக் கருப்பு வண்ணம் அடித்து, முனையின் ஆரஞ்சு நிறத்தை மறைக்கும் படங்களை உங்கள் மகன் பார்த்திருப்பான். அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கி விற்பவர்களிடம் அப்படிப்பட்ட அடையாளத்தைக் கூட்டாட்சிச் சட்டம் கேட்கிறது. 2014 நவம்பரில் கிளீவ்லாந்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், ஆரஞ்சு முனை இல்லாத பிளாஸ்டிக் குண்டுப் பொம்மைத் துப்பாக்கியுடன் பூங்காவில் இருந்தபோது காவலரால் சுடப்பட்டு இறந்தான். நிறத்தை மாற்ற வேண்டும் என்று உங்கள் மகன் எவ்வளவு கெஞ்சினாலும் மஞ்சளோ நீலமோ அடித்துக் கொடுங்கள், முனையைத் தொடாதீர்கள்.

கடைசியாக, எவ்வளவு கூடியது என்பதை அளந்து பாருங்கள், கண்ணால் மதிப்பிட வேண்டாம். வேகமானி இல்லாவிட்டாலும் கைப்பேசி போதும். சுவரில் ஓர் அட்டையை மாட்டி, சரியாக 3 மீட்டர் தள்ளி நின்று, கைப்பேசியை உங்கள் பக்கத்தில் வைத்து ஒலிப்பதிவு செய்துகொண்டே சுடுங்கள். பதிவை அலைவடிவில் காட்டும் செயலியில் பார்த்தால் ஸ்பிரிங் அறையும் ஒலியும் அட்டையில் படும் ஒலியும் இரண்டு கூர்முனைகளாகத் தெரியும். இடைவெளியிலிருந்து ஒலி திரும்பிவரும் 0.01 வினாடியைக் கழித்து, 3 மீட்டரை அதனால் வகுத்தால் சராசரி வேகம். 0.16 வினாடி இடைவெளி வந்தால் வினாடிக்கு 20 மீட்டர், குழலை விட்டு வெளியேறும்போது அதைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருந்திருக்கும். ஐந்து முறை சுட்டுச் சராசரி எடுங்கள். பிரிக்கும் முன் ஒருமுறை, ஓ-ரிங் சரிசெய்த பின் ஒருமுறை, வால்வை எடுத்தால் அதன் பின் ஒருமுறை. வேகம் வினாடிக்கு 28 அல்லது 30 மீட்டருக்கு வந்துவிட்டால் டார்ட் கிடைமட்டமாக 11, 12 மீட்டர் போகும். ஆற்றல் ஏற்கெனவே முன்பிருந்ததைப்போல் இரண்டு மடங்காகியிருக்கும். பிள்ளைகள் எதிரெதிராக நின்று விளையாடும் துப்பாக்கி என்றால் அந்த இடத்தில் மூடித் திருகுகளைப் போட்டுவிடுங்கள், 7 கிலோ ஸ்பிரிங்கைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.